மஞ்சள் அட்டை

தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று லிஃப்ட்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தபோது பயந்தது உண்மைதான். ஆனால் கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூடி மறைக்கிற வீட்டில் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறப்பது லேசுப்பட்ட காரியமா?

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று யாராவது நினைத்துவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் ரிப்பேர்காரர். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகும் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்டின் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார். "ரொம்ப நாளா எண்ணெயே பாக்கல, முனகுது பாரு" என்பார். "முனகுறது அதுவா நீங்களா?" என்று கேட்க மனைவி இருந்தாள். அவள் போனபிறகு முனகலைக் கேட்க ஆளில்லை.

இப்போது மகன், மருமகள், அவர் என்று மூன்று பேர். மகனுக்கு ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்கள் கண்ணை எல்லாம் உற்றுப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். யாருக்கும் யார் மீதும் குறையில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் குறைவு.

சாவுக்கு அவர் வைத்திருந்த சாட்சிகள் வலுவானவை. முதல் சாட்சி, செவ்வாய்க்கிழமை. வசந்தம் போய் வெயில் வந்ததிலிருந்து மகன் செவ்வாய் தவறாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். "செக்கப்புதான்பா" என்பான். கீழ்த்தளத்தில் ஒரு நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து பிரஷர் பார்ப்பாள். எப்போதாவது ரத்தம் எடுப்பாள். அவ்வளவுதான். பிறகு மகன் அவரைப் பெரிய கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "டாக்டர்கிட்ட பேசிட்டு வரேன், இங்கயே இருங்க" என்று நான்காம் மாடிக்குப் போய்விடுவான். அவன் திரும்பி வருவதற்குள் கூடத்தின் ஜன்னல் வெயில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்ந்திருக்கும். வரும்போது பேயறைந்த முகம். பிரஷருக்கு இத்தனை நேரம் என்ன பேச்சு? டாக்டரும் மகனும் தன் தலையெழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் லிஃப்ட்காரருக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது சாட்சி, அட்டை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு அட்டை கொடுப்பார்கள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். அதில் எண்ணைத் தவிர எழுத்து எதுவும் கிடையாது. மகன் மஞ்சளை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு நீலத்தைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். தெரு முனை விளக்கைப் பார்த்துப் பழகிய எவனுக்கும் மஞ்சளுக்கு அடுத்தது என்ன நிறம் என்று தெரியாதா? கூடத்தில் மஞ்சள் அட்டையோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் அவர் பரிதாபமாகப் பார்த்தார். எல்லோரும் பாவம், பிஸ்கட் தின்றுகொண்டும் செய்தித்தாள் படித்துக்கொண்டும் இருந்தார்கள்.

ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த அம்மாளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கும் மஞ்சளாம்மா?"

"ஆமாண்ணே. போன குளிரிலேருந்து மஞ்சள்தான்."

"முகத்தைப் பாத்தா தெரியவே இல்லையே. தெளிவா இருக்கீங்க."

"அழுதா மட்டும் என்ன ஆயிடப்போவுது? ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் இதைப் பின்ன ஆரம்பிச்சேன். கைக்கு வேலை இருந்தா மனசு அலையாது பாருங்க."

"தைரியசாலிம்மா நீங்க."

"நாம தளந்துட்டா அவங்க கதி என்னண்ணே?"

போகிற நேரத்திலும் இருக்கப்போகிறவர்களை நினைக்கிறாளே என்று லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே அவளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த மனிதருக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்குமோ என்ற மாதிரி பார்த்தாள்.

மூன்றாவது சாட்சிதான் பெரிய சாட்சி. மகன் இளைத்துக்கொண்டே போனான். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. செவ்வாய் இரவுகளில் சாப்பாட்டைத் தொடமாட்டான். புதன்கிழமை குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுப்பான். திடீரென்று ஒருநாள் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றான். "வெயில் தாங்கலப்பா" என்றான். "சீப்பு செலவு மிச்சம்" என்று மருமகள் சிரித்தாள்.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அந்த ஓங்கரிப்பைக் கேட்டபோது அவருக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. எனக்காகவா? அப்பன் போகப்போகிறானே என்று உள்ளுக்குள்ளேயே வைத்து இப்படி உருகிக் கரைகிறானே! சின்ன வயதில் அவனை நாலு சாத்துச் சாத்தியதை நினைத்து வெட்கப்பட்டார். இஸ்திரிக் கடைக்காரரிடம், "என் பையன் என்னை நினைச்சே துரும்பாயிட்டான்" என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. "குடுத்து வெச்ச ஆளு சார் நீங்க" என்றார் இஸ்திரிக் கடைக்காரர்.

கேட்டால் மட்டும் மகன் வாயைத் திறக்கமாட்டான்.

"எனக்கு என்னடா?"

"ஒண்ணும் இல்லப்பா. பிரஷர்."

"பிரஷருக்கு எவன்டா வாரா வாரம் போறான்?"

"கொஞ்ச நாள்தான்பா. சரியாயிடும்."

இந்தப் பதிலின் வாசனை அவருக்குத் தெரியும். அது அவர் தொழிலின் வாசனை. லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டால் மேலே இருந்து முதலில் ஒரு குரல் கொடுக்க வேண்டும்: "ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷம்!" மோட்டார் எரிந்து போயிருக்கும், மாற்று மோட்டார் ஊரின் மறுகோடியிலிருந்து வரவேண்டியிருக்கும். ஆனாலும் அஞ்சு நிமிஷம்தான். மாட்டிக்கொண்டவனிடம் காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் கதவை உடைப்பான், எகிறிக் குதிப்பான், பக்கத்தில் நிற்கிறவனை மிதிப்பான். தெரியாதவன்தான் சும்மா இருப்பான். வேலை செய்த காலம் முழுக்க அவர் ஆயிரம் பேருக்கு அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொடுத்திருக்கிறார். இப்போது அதையே அவருக்கு ஒருவன் கொடுக்கும்போதுதான் உள்ளே இருக்கிறவனுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று தெரிந்தது.

அப்படி இருக்கையில்தான் ஆஸ்பத்திரிக் கூடத்தில் புதிதாக ஒரு பலகை வைத்தார்கள். 'உங்கள் உடல்நலத் தகவல் உங்கள் உரிமை. இனி உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.' லிஃப்ட்காரர் அதை மூன்று முறை படித்தார். மறுநாளே, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், பஸ் ஏறித் தனியாக வந்து உதவி மேசை முன்னால் நின்றார்.

மேசைக்குப் பின்னால் ஒரு இளம்பெண். முகத்தில் தூக்கம்.

"சொல்லுங்க சார்."

"என் உடம்பைப் பத்தி இந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியுது, என் பையனுக்குத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. பலகையில உரிமைன்னு போட்டிருக்கீங்க. குடுங்க."

அவள் அவருடைய அடையாள அட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "உங்க கணக்குல வேற நம்பர் இருக்கு சார். எல்லாம் அதுக்குத்தான் போவுது."

"அது பையனோடது. என் நம்பரைப் போடு."

"இது குடும்பக் கணக்கு சார். ஆரம்பிச்சது உங்க பேர்ல, நீங்கதான் தலைவர்னு இருக்கு. நம்பரை மாத்தினா எல்லார் விவரமும் உங்க போனுக்கு வரும். வேணும்னா உங்களுதை மட்டும் தனியாப் பிரிக்கலாம். அதுக்கு மத்தவங்களும் வந்து கையெழுத்துப் போடணும்."

மனைவி படுக்கையில் விழுந்த காலத்தில் திறந்த கணக்கு அது. அப்போது அவரிடம் கைப்பேசி கிடையாது. மகன் எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு யாருக்கும் அதைப் பிரிக்கத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குத் தனித்தனியாக?

"தலைவர் நான்தானேம்மா? மாத்து."

"மத்தவங்களைக் கேட்டுட்டு…"

"அவங்க என்னைக் கேட்டா மறைச்சாங்க? என் உடம்புச் சேதியை எனக்குத் தெரியாம இன்னொருத்தன் பையில வெச்சுக்கிட்டுத் திரியறது எந்த ஊர் நியாயம்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "கரெக்ட்டு சார்!" என்றார். ஆள்கூட்டம் ஆதரவு கொடுத்தால் யாருக்குத்தான் வீரம் வராது? லிஃப்ட்காரர் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். பெண் பெருமூச்சு விட்டபடி எண்ணை மாற்றிக் கொடுத்தாள். எப்படித் திறப்பது, எங்கே தொட்டால் எழுத்து பெரிதாகும் என்று சொல்லியும் கொடுத்தாள். நல்ல பெண்தான்.

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் மரணத்தைத் திறந்தார்.

சர்க்கரை, இயல்பு. சிறுநீரகம், இயல்பு. கல்லீரல், இயல்பு. ரத்த அழுத்தம், சற்றே கூடுதல். உப்பைக் குறைக்கவும், தினமும் நடக்கவும்.

கீழே தள்ளினார். வேறு ஒன்றும் இல்லை. மேலே தள்ளினார். கம்ப்யூட்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறானோ படுபாவி என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு மெல்ல உண்மை உறைத்தது. தனக்கு ஒன்றுமே இல்லை. சிரிப்பு வந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இத்தனை மாதமாக ஜம்மென்று செத்துக்கொண்டிருந்த மனிதருக்கு உப்பைக் குறைத்துக்கொள் என்றால் எப்படி இருக்கும்?

அப்புறம்தான் கீழே 'குடும்பத்தினர்' என்று இருப்பதைப் பார்த்தார். முதலில் மனைவியின் பெயர். தொட்டார். 'வருடாந்திரப் பரிசோதனைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. விரைவில் வரவும்' என்று இருந்தது. "வருவா, வருவா" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததைத் தொட்டார்.

மகனுடையது நீளமாக இருந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கும் ஒரு பதிவு. நான்காம் தளம், புற்றுநோய்ப் பிரிவு. கணையம். நரம்பு வழியே மருந்து. காலையும் மாலையும் மாத்திரை. பக்க விளைவுகள்: வாந்தி, முடி உதிர்வு, எடைக் குறைவு. நோயாளியின் விருப்பம்: குடும்பத்தினர் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரே வரி: உடன் வந்தவர், தந்தை. மஞ்சள் அட்டை.

பஸ் வந்தது. போனது. இன்னொன்றும் வந்து போனது.

அவர் அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பளி அம்மாளுக்கு ஒன்றுமில்லை. பிஸ்கட் தின்ற யாருக்கும் ஒன்றுமில்லை. துணைக்கு வந்தவர்கள். வீட்டில் சந்தேகம் வராமல் இருக்கத் தன்னைக் கழுத்தில் அட்டை மாட்டிக் கூட்டி வந்திருக்கிறான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த மனைவி கேள்வி கேட்பாள்? குளியலறைக் கதவுக்கு வெளியே நெஞ்சு நிறைந்து நின்றதை நினைத்தபோது லிஃப்ட்காரருக்குத் தன் கையாலேயே தன் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஆள் இருந்ததால் அதையும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் மகன் கைப்பேசியும் கையுமாக அவர் அறைக்குள் வந்தான்.

"ஆஸ்பத்திரிது திறக்க மாட்டேங்குது. நீங்க ஏதாவது பண்ணீங்களாப்பா?"

"நம்பரை மாத்திட்டேன். என்னுதை நான் பாக்கணும்ல."

மகன் அறைக் கதவைச் சாத்தினான். "பாத்தீங்களா?"

"பாத்தேன். உப்பைக் குறைக்கணுமாம்."

"வேற… எதுவும் பாக்கலையே?"

லிஃப்ட்காரர் மகனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்பது அவனுடைய விருப்பம். மாட்டிக்கொண்டவன் உள்ளே இருக்கிறான். மேலே இருந்து குரல் கொடுக்கிறவர் இவர்.

"வேற என்னடா இருக்கு அதுல பாக்க? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. என்னுதைப் படிக்கறதுக்குள்ளயே கண்ணு பூத்துப்போச்சு."

மகன் நம்பினான். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவனை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். "சரிப்பா. ஏதாவது மெசேஜ் வந்தா மட்டும் உடனே சொல்லுங்க. ஆபீஸ் மெடிக்கலுக்காக ஒரு ஸ்கேன் எடுத்தேன், அது வரும்" என்றான். எண்ணைத் திரும்ப மாற்றச் சொன்னால் எதற்கு என்று அப்பா கேட்பாரே என்று பயந்தான் போலிருக்கிறது.

தன் பங்குக்கு லிஃப்ட்காரர் ஒரு காரியம் செய்தார். சாப்பாட்டு மேசையில் மருமகளிடம், "எனக்குத்தாம்மா கொஞ்சம் சீரியஸாம், குணமாகறது கஷ்டமாம். செவ்வாய்க்கிழமை விடாம ஊசிக்குப் போகணுமாம்" என்றார். மகன் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தான். ஆனால் அப்பா ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தானோ என்னவோ, மறுத்துப் பேசவில்லை.

மருமகள் மல்லுக்கட்டுகிறவள் இல்லை, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. குணமாகாததுக்கு எதுக்கு இந்த ஊசியும் மருந்தும்? உங்களுக்கும் வேதனை, கூட இருக்கறவங்களுக்கும் வேதனை. இவரைப் பாருங்க, உங்களுக்காக அலைஞ்சே பாதியாயிட்டாரு. இழுத்துப் பிடிச்சு என்ன ஆகப்போவுது? விட்டுட்டா நிம்மதியாவாவது போகலாம்."

மகன் தலையைக் குனிந்து தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படிச் சொல்லாதம்மா" என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்கு."

"இந்த வயசுலயா மாமா?" என்று அவள் பாதி விளையாட்டாகக் கேட்டாள். மகன் எழுந்து கைகழுவப் போனான்.

வியாழக்கிழமை காலையில் அந்தச் செய்தி வந்தது. வீட்டில் அவர் மட்டும் இருந்தார். மகன் பெயருக்கு. ஸ்கேன் முடிவு. அவர் திறந்தார். முதல் வரி: 'முந்தைய படத்துடன் ஒப்பிடும்போது கட்டியின் அளவு கூடியுள்ளது.'

மூடிவிட்டார். கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டு இழுப்பறையையும் மூடினார். அதற்குமேல் ஒரு எழுத்து படிக்கவோ, பிறகு வந்த செய்திகளைத் திறக்கவோ தைரியம் வரவில்லை. என் சேதி எனக்கு வேண்டும் என்று மேசையைத் தட்டிய அதே மனிதர்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பூனையைக் கேலி செய்கிறோம். பூனைக்குத்தான் தெரியும், அந்த இருட்டில் எவ்வளவு நிம்மதி என்று.

சாயங்காலம் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். "ஏதாவது மெசேஜ் வந்துச்சாப்பா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அந்தக் குரல்தான் வந்தது. இத்தனை வருஷம் பழகிய குரல். அவர் கூப்பிடாமலே வந்தது.

"ஒண்ணும் இல்லடா."

செவ்வாய்க்கிழமை எப்படியும் டாக்டர் சொல்லிவிடுவார். அதுவரை பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது பார்க்கட்டுமே என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்த மாதிரியும் இருந்தது. செய்தி வராததே நல்ல செய்தி என்று மகன் எடுத்துக்கொண்டான். அன்று இரண்டு கரண்டி அதிகம் சாப்பிட்டான். மருமகள் கடைக்கு வந்த ஒரு ஆள் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடிய கதையைச் சொன்னபோது சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு லிஃப்ட்காரர் தன் முதுகில் தானே தட்டிக்கொடுத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். பாசம் எங்கே நின்றிருக்கிறது? மகன் தன் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அவனுக்கு வேலை மும்முரத்தில் மறந்துவிடும். கட்டி வளர்கிறதென்றால் ஒரு வேளைகூடத் தப்பக் கூடாதல்லவா? எனவே காலையும் மாலையும் தம்ளரில் வெந்நீரும் உள்ளங்கையில் மாத்திரையுமாக வந்து நின்றார்.

"சத்து மாத்திரை போடுடா. எப்படி இளைச்சுட்ட பாரு."

"அப்புறம் போடறேன்பா. வயித்தைப் பெரட்டுது."

"அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். ஒரே முழுங்கு. என் கண்ணு முன்னால போடு."

மகன் சின்னப் பிள்ளைபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். லிஃப்ட்காரர் தம்ளர் காலியாகும்வரை நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் உடம்பெல்லாம் அரிக்கிறதென்று சொறிந்துகொண்டே இருந்தான். திங்கள்கிழமை மருமகள் அவன் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண் பார்ப்பதுதானே அவள் வேலை.

"என்னங்க, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு?"

"திரைச்சீலை நிறம்மா அது" என்று அறைக்குள்ளிருந்து லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். "மஞ்சள் சீலை போட்டா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்." பிறகு மாத்திரையை எடுக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை மகன் நான்காம் மாடிக்குத் தன் காலால் போகவில்லை. கூடத்திலேயே, அட்டை மாட்டிவிட்ட கையோடு, அப்பாவின் தோளில் சரிந்தான். சக்கர நாற்காலி வந்தது, லிஃப்ட் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லிஃப்டுக்குள் நின்றுகொண்டு அதன் சத்தத்தைக் கேட்காமல் மேலே போனார் லிஃப்ட்காரர்.

கட்டில் ஓரத்தில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"மாத்திரையை இன்னுமா சாப்பிட்டீங்க?"

"ஆமா டாக்டர். ஒரு வேளைகூட விடல."

"வியாழக்கிழமையே நிறுத்தச் சொல்லி அனுப்பினோமே. மறுநாளே வந்து பாருங்கன்னும் போட்டிருந்தோம். அப்புறமும் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினோம்."

"எனக்கு எதுவும் வரல டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் மகன் தலையை மெல்லத் திருப்பினான். மஞ்சள் கண்கள். அந்தக் கண்கள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. பார்த்தன, அவ்வளவுதான். கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாது, இனி அடுத்த மருந்தை யோசிக்கக்கூட உடம்பில் இடமில்லை என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் போனது. கடை உடையோடு, கழுத்தில் தொங்கிய கடை அடையாள அட்டையோடு ஓடி வந்தவள், மாமனாரைக் கட்டிலில் தேடினாள். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கட்டிலில் வேறு ஆள் இருந்தான்.

அவள் கத்தவில்லை. நான்காம் மாடிப் பலகையைப் பார்த்தாள். கணவனின் தலையை, கையை, கண்ணைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் தான் சொன்னதெல்லாம் யாருக்குச் சொன்னது என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து விழுவதை லிஃப்ட்காரர் பார்த்தார். பிறகு அவள் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க மாமா."

"அம்மா, நான் நல்லதுக்குத்தான்…"

"குடுங்க."

கொடுத்தார். மகன் கண்ணை மூடியபடி சொன்னான்: "படி. சத்தமாப் படி. எனக்கு வந்ததுதானே, நானும் கேக்கணும்."

அவள் படித்தாள். கண் பரிசோதனையில் எழுத்து வாசிக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. கட்டியின் அளவு கூடியுள்ளது. லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது அதுவரைதான். அதற்குக் கீழே இருந்ததை அவரும் அப்போதுதான் கேட்டார். 'கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது. மாத்திரையை இன்றே, இப்போதே நிறுத்தவும். நாளை காலை வரவும். இப்போதைய நிலையில் மருந்தை மாற்றினால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம்.'

நல்ல பலன் என்ற இடத்தில் அவள் குரல் நின்றுபோனது. பிறகு அதே வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"நான் முதல் வரிதான் படிச்சேன்" என்றார் லிஃப்ட்காரர். "முதல் வரியோட மூடிட்டேன்டா."

"ஆபீஸ் மெடிக்கல்னு சொன்னேன்ல, அதைப் போய் ஏன்பா படிச்சீங்க?" என்றான் மகன், கண்ணைத் திறக்காமலே. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "படிச்சதுதான் படிச்சீங்க. முழுசாப் படிச்சிருக்கலாம்ல" என்றான்.

வாசலிலிருந்து காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். நோயாளியைப் படுக்கையில் சேர்த்தாகிவிட்டது, இனி ஒருவருக்கு ஒரு துணைதான், யார் இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்.

மருமகள் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. "நான்" என்றாள்.

"அப்ப அந்தக் கார்டைக் குடுங்க பெரியவரே."

கழுத்திலிருந்த நாடா காதில் மாட்டிக்கொண்டது. லிஃப்ட்காரரால் உடனே கழற்ற முடியவில்லை. "அஞ்சு நிமிஷம்" என்றார். காவலாளி பொறுமையான மனிதர், தானே எட்டிக் கழற்றி, மஞ்சள் அட்டையை மருமகள் கையில் கொடுத்தார். அவள் கடை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு மஞ்சளை மாட்டிக்கொண்டாள். கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.

வெளியே நடைபாதையில் காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நீலக் கார்டு ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா" என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு எல்லாம் நல்லா இருக்கு. உப்பை மட்டும் குறைக்கணுமாம்."

"அப்ப இங்க நிக்கக் கூடாதுங்க. கீழ போயிடுங்க" என்று காவலாளி அவருக்காக லிஃப்டின் பொத்தானை அமுக்கிவிட்டார்.